ஜாக்கோடு கூடவே வந்தவர்

எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் செயற்குழு சென்ற மாதம் கூடியது. சங்கத்துக்குச் சொந்தமான மோட்டார்சைக்கிள் ஜாக் இனிப் பொது மண்டபத்தின் சாமான் அறையில் இருக்கும் என்றும், வேண்டியவர்கள் கையெழுத்துப் போட்டுத் தாங்களே எடுத்துச் செல்லலாம் என்றும் முடிவெடுத்தது. சங்கத்தின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் இது. பூங்காவுக்கு எத்தனை ஊஞ்சல் என்பதில்கூட நாங்கள் ஒத்துப்போனதில்லை. இந்த முறை எதிர்ப்பே எழவில்லை. எழுப்பக்கூடிய ஒரே மனிதர் கூட்டத்துக்குப் பதினெட்டு நாள்களுக்கு முன் இறந்துவிட்டார்.

செய்தி சங்கத்தின் கைபேசிக் குழுவில்தான் வந்தது. தாமரைப்பூ போட்ட காலை வணக்கத்துக்கும் தண்ணீர்த் தடை அறிவிப்புக்கும் கீழே, தலைவர் கோபால் எழுதியிருந்தார்: "செல்லையா அண்ணன் காலையில தவறிட்டாரு." அதற்கு அடுத்த வரியில் ஒருவர், "எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி. நான் அந்தக் கேள்வியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் தாமான் குடியிருப்பாளர்களே, உங்களில் பெரும்பாலோர் வீட்டுப் போர்ச்சில் செல்லையா அண்ணன் ஒருநாளாவது குந்தி உட்கார்ந்திருக்கிறார். ஈப்போவுக்கு வெளியே ஒரு மார்பிள் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் போர்க்லிப்ட் ஓட்டியவர். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். சங்கம் ஜாக் வாங்கிய நாள் முதல் அது அவர் வீட்டில்தான் இருந்தது. அதை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. யாராவது கேட்டால் ஜாக்கோடு அவரும் வருவார். வேலை முடியும் வரை உட்கார்ந்திருப்பார், ஜாக்கோடு திரும்பிப் போவார். தேநீருக்காக வருகிறார் என்றார்கள் சிலர். தேநீர் கொடுத்தால், "வண்டி எறங்கட்டும்" என்பார். பெரும்பாலும் ஆறிய தேநீரைத்தான் குடித்தார்.

முதலில் ஒரு காலி போத்தலைத் தரையில் படுக்க வைப்பார். அது உருண்டால் அந்த இடத்தில் வண்டி ஏறாது. நம் தாமான் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். மேடுபள்ளத்தை முழுவதும் சமன் செய்துவிட்டதாக வீடு கட்டியவர்கள் சொன்னார்கள். செல்லையா அண்ணனின் போத்தல் வேறு விதமாகச் சொன்னது. தலைவர் கோபால் புதிதாகப் பளபளக்கும் ஓடு பதித்த போர்ச்சில் போத்தல் சாக்கடை வரை போய் நின்றது.

"தலைவரே, இந்தத் தர வண்டிக்கு ஆவாது. கழுவி விட நல்லாருக்கும்."

"அண்ணே, இது இத்தாலி டைல்ஸ்ணே!"

"இத்தாலியில வச்சு தூக்கலாம்லா. இங்க வேணாம்."

அதன்பின் இரண்டு ஆண்டுகள் கோபால் தன் வண்டியைப் பட்டறைக்கே கொண்டுபோனார்.

தரை தேறிய பிறகு மற்றவை. பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டியால் முன் பிரேக்கை இறுக்கிக் கட்டுவது. ஜாக்கின் தலையில் ரப்பர் மரப் பலகை ஒன்று. வண்டியின் அடியில் ஓடும் புகைக்குழாய் நசுங்காமல் இருக்க அதில் அவரே பள்ளம் செதுக்கியிருந்தார். இரும்பில் இரும்பு வழுக்கும், மரத்தில் வழுக்காது என்பார். பிறகு ஒரு சாண் மட்டும் தூக்கி, வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடவில்லை என்றால்தான் மிச்சத்தைத் தூக்குவார். கல்யாண வீட்டில்கூட இவ்வளவு சம்பிரதாயம் நான் பார்த்ததில்லை. "தூக்குறது ஒரு நிமிசம். தூக்குனது நிக்கணும்லா" என்பார். ஒன்பது ஆண்டுகளில் அந்த ஜாக்கில் ஏறிய வண்டி ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை.

மூன்றாவது சந்தில் இருக்கும் பார்வதியை அவருக்கு மிகவும் பிடிக்கும். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தன் வண்டியின் பிரேக் கட்டையைத் தானே மாற்றுவார். ஒருநாள் அங்கே ஜாக் போனபோது நானும் கூடப் போனேன். பார்வதியின் கணவர் வாசலில் நின்று சிரித்தார். "ஏண்ணே, இவகிட்டயா ஜாக்க குடுக்கிறீங்க? வண்டிய என் தலமேல ஏத்திருவா."

"நீ தலய உள்ள வச்சுக்க தம்பி," என்றவர், பார்வதியிடம் திரும்பினார். "பாரு, வண்டி சாய ஆரம்பிச்சா என்னா செய்வ?"

"புடிப்பேண்ணே."

"புடிக்காத. ஓடு. வண்டிக்கு ஸ்பேர்பார்ட் கடையில இருக்கு."

பார்வதி சிரித்துக்கொண்டே, ஓடுவதாக வாக்குக் கொடுத்தார். இருந்தாலும் வண்டி இறங்கும் வரை செல்லையா அண்ணன் நகரவில்லை.

எனக்கு அந்த ஒரு மணி நேரக் காவல் அலுத்துப்போன ஒரு சனிக்கிழமை உண்டு. அவரைக் கூப்பிடாமல், என் காருக்குச் சொந்தமான சின்ன ஜாக்கை மோட்டார்சைக்கிளின் அடியில் கொடுத்துத் தூக்கினேன். உயரம் போதாததால் இடையில் ஒரு செங்கல். முன் சக்கரத்தைக் கழற்ற நான் ஸ்பேனரைத் திருப்பியதும் வண்டி என் பக்கம் சாய்ந்தது. நான் அதைப் பிடிக்கப் போனேன். படித்தவர்கள் அப்படித்தான் செய்வோம். வண்டியின் கண்ணாடி உடைந்தது, என் கணுக்கால் சிராய்த்தது. இவ்வளவோடு போனது என் சாமர்த்தியத்தால் அல்ல.

சத்தம் கேட்டு அவர் காலை இழுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செகரட்டரி, என் கால் எப்பிடிப் போச்சு தெரியுமா?"

"பேக்டரியிலன்னு சொன்னாங்கண்ணே."

"பேக்டரியில ரெண்டு டன்னு மார்பிள் தூக்கிருக்கேன். கால்ல தூசி விழல. இது வீட்ல. நூறு கிலோ காப்சாய், சின்ன மோட்டார்சைக்கிள்தான். இதே மாரி செங்கல்தான் வச்சேன். சரோஜா கோயிலுக்குப் போயிருந்தா. பக்கத்து வீட்ல ரேடியோ சத்தம். கத்துறேன், கத்துறேன், ஒருத்தருக்கும் கேக்கல. அர மணி நேரம் அடியிலயே கெடந்தேன்."

எழுந்து என் கைபிடித்துத் தூக்கிவிட்டார். "வெளிய சொல்லிறாத. போர்க்லிப்ட் ஓட்டுறவன் காப்சாய்க்கு அடியில கெடந்தான்னு சிரிப்பானுங்க."

நான் சொல்லவில்லை. அவர் ஏன் ஜாக்கோடு கூடவே வந்தார் என்பது தாமானில் எனக்கும் அவர் மனைவி சரோஜா அக்காவுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. தீர்மானத்தன்று, "இனிமே யாரு கூட வருவா? அவங்கவங்க எடுத்துக்கட்டும்" என்று கோபால் சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை. எல்லாருடைய கைகளோடு என் கையும் உயர்ந்தது. பிறகு குறிப்பேட்டில், "சங்கத்தின் சொத்து: ஜாக், ஒன்று" என்று எழுதினேன்.

கடைசி நாள்களைப் பற்றிச் சரோஜா அக்கா எனக்குச் சொன்னது இது. மூச்சுவிடச் சிரமப்பட்டதால் மருத்துவமனையில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வந்தார்கள். அண்ணன் கையால் தடுத்திருக்கிறார். "மிஸி, கட்டில் சக்கரத்த பூட்டியாச்சா?" அந்தத் தாதி குனிந்து பார்த்தாராம். ஒரு சக்கரம் பூட்டாமல்தான் இருந்ததாம். பூட்டிய பிறகு அண்ணன் கட்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப தூக்குங்க" என்றாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அக்கா ஒரு சாக்குப்பையை எடுத்துவந்தார். உள்ளே அந்தப் பலகையும் ரப்பர் பட்டியும் இருந்தன. "தம்பி, இது ஜாக்கோட போறதா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அண்ணன் ஞாபகமா நான் வச்சுக்கிறேன்," என்றேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அவை இரண்டுதான். பலகை என் புத்தக அலமாரியில், அகராதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளத்தில் விரலை ஓட்டினால் அவர் உளி திரும்பிய இடங்கள் தட்டுப்படும். அதில் படிந்த எண்ணெய்க் கறையை நான் துடைக்கவில்லை. ரப்பர் பட்டியை அதன் மேல் சுற்றி வைத்திருக்கிறேன். அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் கொஞ்சம் பட்டறை வாசம் வருகிறது. எழுத உட்கார்ந்தால் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறேன். அதுவும் அவருடையதுதான்.

சென்ற சனிக்கிழமை பார்வதி கையெழுத்துப் போட்டு ஜாக்கை எடுத்துச் சென்றார். புதிய ஏற்பாட்டில் அதை எடுத்த முதல் ஆள் அவர். பலகையைக் காணோம் என்று தலைவருக்குப் போன் செய்திருக்கிறார். குறிப்பேட்டில் ஜாக் மட்டும்தான் இருக்கிறது என்று தலைவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பார்வதி ஒரு செங்கல்லை வைத்துத் தூக்கினார். வலது காலில் பதினான்கு தையல்.