பவளம் இருக்கிற பக்கம்

நெய்க்காரப்பட்டியில் தங்கச்சி பேத்தி கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டுத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினேன். எதிர்ச் சுவரில் புதிதாகக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்லை மொத்தமாகப் பார்த்துப் படிக்கிற பழக்கம் எனக்கு வரவில்லை. எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். முதலில் ‘ஜ’. அதற்குரிய கொம்பு அதை விட்டு விலகி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றது. பிறகு ‘சி’, ‘ந்’, ‘தா’. ஜசிந்தா. யாரோ வெளியூர்க்காரி என்று நினைத்துப் பையைத் தோளில் மாட்டினேன். அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்.

நம் ஜெசிந்தா. அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அச்சுக்குப் பக்கம் கட்டுகிற தன் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தபோதே, காலை பதினோரு மணி வாக்கில், நெஞ்சு நின்றுவிட்டதாம். வயது ஐம்பத்து மூன்று. அவளிடம் பள்ளி மலரும் கல்யாணப் பத்திரிகையும் கவிதைப் புத்தகமும் பக்கம் கட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். ஆனால் எனக்கும் அவளுக்கும் நடந்ததை நான்தான் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன்.

மில் தொழிலாளிகளுக்கு நான் மெஸ் நடத்திய கட்டடத்தின் மேல்மாடிதான் அவள் கடை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவள், ஒரு மாதா கோயில் விழா மலரின் பிழை பார்க்கிற தாளை இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சாம்பார் ஊற்றப் போன நான் சும்மா கூட்டிப் படித்தேன். “ஏத்தா, அருட்சந்தைன்னு போட்டிருக்கே, அது எங்க கூடுது? ஞாயித்துக்கிழமையா?” என்றேன். அருட்தந்தை என்று இருக்க வேண்டியது. அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “நாலு வாத்தியாருங்க பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளு பெரியம்மா இது! படிச்சவங்க கண்ணு தெருவைப் பார்த்துக்கிட்டே ஓடிரும். உங்க கண்ணு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிட்டுத்தேன் வரும்.”

அன்றிலிருந்து அவள் கட்டுகிற பக்கமெல்லாம் என் கையில் வந்து போனது. பட்டம் வாங்கியவர்கள் விட்டதை நான் பிடித்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மெஸ்ஸை மூடிவிட்டு அதே கீழ்த்தளத்தில் குடியிருந்தபோதும் அந்த வேலையை நான் விடவில்லை.

பக்கம் கட்டுவதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. நான் படியேறிப் போய்ப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் வேர்டு ஃபைலாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் லேஅவுட்டில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, மேல் மூலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். எழுத்தெல்லாம் கடகடவென்று இறங்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் அடுத்த பக்கம் தானாக முளைக்கும். “வேர்டுல எழுத்தெல்லாம் படுத்துக் கிடக்கும் பெரியம்மா. இங்கிட்டு வந்தாத்தேன் எந்திரிச்சு நிக்கும்” என்பாள். வருகிற வழியில் சில எழுத்துக்குக் கொம்பு பிய்ந்து போகும். துணையில்லாத கொம்பு அந்தப் புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு அவள் வைத்த பெயர் முட்டை. “இன்னிக்கு நூத்துக்கு மேல முட்டை போட்டிருக்கு” என்று சலித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சேர்த்து வைப்பாள்.

சில சமயம் திரையில் எழுத்து அடங்குகிற பெட்டியின் கீழ் மூலையில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி வரும். அது என்ன என்று கேட்டேன். “உள்ள இன்னும் ஆளு நிக்குதுன்னு அர்த்தம். இடம் பத்தாம வெளிய வர முடியல. நமக்குத் தெரியலன்னா இல்லைன்னு நினைச்சுக்கக் கூடாது பெரியம்மா.” சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கப் பிடிக்காமல் போனது.

இனி என் புத்தகத்துக்கு வருகிறேன். மெஸ் நடத்திய காலத்தைப் பற்றி ஐந்து நோட்டு எழுதினேன். பேத்தி காவ்யா அதை வேர்டில் அடித்தாள். கடைசி நோட்டின் கடைசிப் பத்தியில் மட்டும் மெஸ் இல்லை. என் மகன் முருகேசனுக்கு முன்னால் நெய்க்காரப்பட்டியில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். பதினாறாம் நாள்தான் எங்களில் பெயர் வைப்பார்கள். பெயர் வைப்பதற்கு முன் போன பிள்ளையைப் பற்றிப் பேசமாட்டார்கள். பிறந்த கணக்கிலேயே வராது. நான் மனசுக்குள் பவளம் என்று வைத்திருந்தேன். அதைத்தான் எழுதியிருந்தேன்.

எழுதிவிட்டுப் பயந்துவிட்டேன். திண்டுக்கல்லுக்கு வந்து முருகேசனைப் பெற்றபோது, தலைப்பிள்ளை அவன்தான் என்று தெருவே நினைத்துக்கொண்டது. நான் திருத்தவில்லை. வளைகாப்பில் முதல் வளையல் போட, தலைப்பிள்ளை தங்கியவளைத்தான் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். முதல் தடவையே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் இந்தத் தெருவில் எத்தனை கைகளுக்கு முதல் வளையல் போட்டேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பத்தி அச்சில் வந்தால் அத்தனை பெண்களுக்கும் தெரிந்துபோகும். காவ்யாவிடம் எடுத்துவிடச் சொன்னேன். “எடுத்துட்டேன் அப்பத்தா” என்றாள்.

பிழை பார்க்க முதல் தாள் வந்தது. உச்சி வெயில் நேரம். நான் வழக்கம்போல விரலை வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசிப் பக்கத்தின் அடியில் விரல் நின்றுவிட்டது. ப. வ. ள. அதற்குமேல் விரலை நகர்த்த முடியவில்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர், ஆணி அடித்த மாதிரி அங்கே நின்றது.

மேலே போனேன். “யாரு தாயி இதைச் சேர்த்தது?”

ஜெசிந்தா வேர்டு ஃபைலைத் திறந்தாள். கடைசிவரை உருட்டினாள். திரும்ப மேலே போய் இன்னொரு தடவை உருட்டினாள். “ஃபைல்ல இல்ல பெரியம்மா. பக்கத்துல இருக்கு.”

“அது எப்படி?”

“அதேன் எனக்கும் தெரியல.” லேஅவுட்டில் இருந்ததை என் கண்முன்னாலேயே அழித்தாள்.

நாலு நாள் கழித்துக் காவ்யா சில திருத்தங்கள் போட்டுப் புது ஃபைல் அனுப்பினாள். ஜெசிந்தா மறுபடி எழுத்தை இறக்கித் தாள் எடுத்தாள். தாளைக் கீழே கொடுத்தனுப்பவில்லை. அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை. கடைசித் தாளை மட்டும் உருவி என் மடியில் வைத்தாள். வெள்ளைப் பக்கம். தலைமாட்டில் ஒரே ஒரு வரி. ‘அவளுக்கு நான் வைத்த பெயர் பவளம்.’ அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“நான் தொடல பெரியம்மா” என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

என்னையும் மேலே கூட்டிப்போய்க் காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். காவ்யா அழித்தது போகவில்லை. யார், எப்போது அழித்தார்கள் என்று குறித்துவைக்கிற வசதி அந்த ஃபைலில் திறந்திருந்தது. அழித்த பத்தியின் மேல் சிவப்புக் கோடு போட்டு உள்ளேயே வைத்திருந்தது. “கண்ணுக்கு மறைச்சு மட்டும் வச்சிருக்கு. எழுத்தை இங்கிட்டு இறக்கும்போது கூடவே நடந்து வந்துருச்சு” என்றாள். திருத்தங்களால் பக்கம் நிறைந்து, மிஞ்சிய கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. அம்புட்டுத்தான். காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தாளை நான் கவிழ்த்து வைத்தேன். வீட்டை விட்டு வெளியே அனுப்பிய ஒருத்தி, முன்வாசலை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பக்கம் கட்டுகிறவர்கள் எதையும் படிக்கமாட்டார்கள். வரி நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அன்றைக்கு ஜெசிந்தா அந்தப் பத்தியை முதலிலிருந்து படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். பிறகு, “பெரியம்மா, எனக்கு முத வளையல் போட்டது நீங்கதேன்” என்றாள்.

எனக்குத் தெரியும். பிறந்த அந்தப் பிள்ளை ஒரு மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பிள்ளை இல்லை.

“அதேன் ஆறு மாசம் என் மூஞ்சியப் பார்க்காமயே இலை போட்டீங்களா?”

“என் கைதேன் தாயி. இந்தக் கையாலதேன்...”

“சும்மா இருங்க! டாக்டரம்மா சொன்ன காரணம் வேற. உங்க கைக்கு இம்புட்டுச் சக்தி இருந்தா நம்ம தெருவுக்கு டெய்லி தண்ணி வர வச்சிருக்கலாம்ல?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நர்ஸ் தம்ளர்ல தண்ணி கொண்டாந்து கொடுத்துச்சு. நானே தலையில ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்துப் பேரு வச்சேன். எங்கள்ல பேரில்லாம அனுப்ப மாட்டோம் பெரியம்மா. எங்க வீட்டுக்காரருக்கும் பேரு தெரியும். ஆனா வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு.” என் காதோரம் குனிந்து அந்தப் பெயரைச் சொன்னாள். ஏதோ சிறு பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள். நான் என்னையறியாமல் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன்.

“இந்தப் பத்தி வேணுமா வேணாமான்னு நீங்கதேன் சொல்லணும். அவளை நானா அழிக்க மாட்டேன். நானா வைக்கவும் மாட்டேன்.”

“கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்” என்றேன். அதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது.

ஒரு வாரம் கழித்து அவள் கணவர் அருள் கடையைத் திறந்தார். என்னை மேலே வரச் சொன்னார். கணினியை அவர் அணைத்திருக்கவில்லை. “அணைக்கக் கை வரல பெரியம்மா” என்றார். மவுஸை லேசாக அசைத்ததும் திரை விழித்துக்கொண்டது. என் புத்தகத்தின் கடைசிப் பக்கம். அதே ஒற்றை வரி. ‘பவளம்’ முடிகிற இடத்தில் எழுத்து அடிக்கிற இடத்தைக் காட்டுகிற சின்னக் கோடு அணைந்து அணைந்து எரிந்தது. அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. நாற்காலி சுழன்று வாசலைப் பார்த்து நின்றது. அதில் நாங்கள் இரண்டு பேருமே உட்காரவில்லை.

“அச்சாபீஸ்ல கேக்குறாங்க. ரெண்டு ஃபைல் கட்டி வச்சிருக்கா. எதை அனுப்பன்னு தெரியல” என்றார் அருள்.

“பேரு என்ன போட்டிருக்கா, படிங்க.”

அவர் குனிந்து படித்தார். “ஒண்ணு, ‘பெரியம்மா தனியா’.” நிறுத்தினார். “இன்னொண்ணு, ‘பெரியம்மா பவளத்தோட’.”

கீழே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போகட்டும் என்று இருந்தேன். முதல் வளையல் போட்டுக்கொண்ட கைகளெல்லாம் அந்த அறையில் என்னை நோக்கி நீண்டிருந்த மாதிரி ஒரு நினைப்பு. அதற்குள்ளும் அந்தக் கோடு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

“தனியா வேணாம் அருள்” என்றேன். “பவளத்தோட அனுப்புங்க.”

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

புத்தகம் வந்தது. ஒரு முட்டைகூட இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். கடைசி வரி தனிப்பக்கத்திலேயே இருக்கிறது. அவள் அதை மேலே இழுத்துச் சேர்க்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து முருகேசன் போன் போட்டான். “அம்மா, எனக்கு ஒரு அக்கா இருந்துச்சா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “பார்க்க எப்படி இருந்துச்சு?” என்றான். இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. முதல் வளையலுக்கு வேறொருத்தியைக் கூப்பிட்டார்கள். நான் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, ஐந்து வகைச் சோறும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பெண்ணின் கையைப் பார்க்கும்போது முன்னே இருந்த பயம் இல்லை.

ஜெசிந்தாவிடமிருந்து என்னிடம் இருப்பது என் காதில் அவள் சொன்ன, அவள் பிள்ளையின் பெயர். அது எந்தத் தாளிலும் இல்லை. அருளும் சொல்வதில்லை. சொன்ன வாயும் போய்விட்டது. அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை, மறக்கவும் உரிமை இல்லை. மத்தியானத்தில் வீட்டில் யாரும் இல்லாதபோது பவளம் என்று ஒரு தடவை சொல்கிறேன். அதன் பின்னால் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் பெயருக்கு ஒன்றும் நடப்பதில்லை. இரண்டாவதைச் சொன்னதும் மேல்மாடியில், பூட்டிக்கிடக்கிற கடைக்குள், நாற்காலி ஒன்று மெல்லத் திரும்புகிற சத்தம் கேட்கிறது. நான் பயப்படுவதில்லை. பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெற்றவள் திரும்பிப் பார்க்கத்தானே செய்வாள்.