சாய்ந்த படகும் சாயாத படகும்

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடங்கள் ஆகியிருக்கும். மாசி மாதம், கடல் அடங்கிக் கிடந்த நாட்கள். மாமல்லபுரம் கரைக்கு எதிரே இரண்டு பாய்மரப் படகுகள் நங்கூரம் போட்டு நின்றன. அவற்றில் ஒன்றை வாங்குவதற்காக எங்கள் தெரு லாரிக்காரர் ஒருவர் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மனைவியோடு வந்திருந்தார். கூடவே நானும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், டிப்ளமோ வரை படித்தவன் என்பதால் இங்கிலீஷ் பேச என்னை அழைத்திருந்தார்.

அவரை அண்ணாத்த என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சனி, ஞாயிறில் கடற்கரைக்கு வர ஆரம்பித்திருந்த நேரம். அவர்களைப் பாய்மரத்தில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கலாம் என்று அண்ணாத்த முடிவு செய்து, இருந்த ஒரே லாரியையும் விற்றுவிட்டார். ஓட்ட ஆள் பேசியாகிவிட்டது. படகு தப்பாக அமைந்தால் திரும்பிப் போக அவருக்கு வேறு தொழில் கிடையாது.

இரண்டு படகும் ஒருவருடையவைதான். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பம்பாய்க்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டும் ஏறக்குறைய நம்மூர் பஸ் நீளம். ஒன்று அண்ணாத்த பிறந்த காலத்தில் கட்டியது. இன்னொன்று கட்டி நாலைந்து வருடம்தான் இருக்கும்.

பழையது ஒல்லி. உள்ளே இறங்கினால் தோள் இடிக்கும். புதியது பின்பக்கம் வரைக்கும் அகலம், உள்ளே நல்ல வெளிச்சம். அண்ணி அதன் சமையல் மேடையைத் தடவிப் பார்த்து, வீட்டில்கூட இப்படி இல்லையே என்றார். எனக்கோ தண்ணீருக்கு அடியில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. கேட்டதும் பம்பாய்க்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழையதற்கு முன்னாலிருந்து பின்னால் வரை முதுகெலும்பு மாதிரி ஒரு நீண்ட அடிப்பகுதி, அதற்குள் எடைக்காக ஈயம். படகைத் திருப்பும் சுக்கான் அதன் வாலோடு ஒட்டியிருக்கும். புதியதற்கு நடுவில் மீன் துடுப்பு மாதிரி ஒன்று, சுக்கான் தனியாகப் பின்னால் தொங்கும். அதனால் புதியதற்கு வேகம் அதிகம், நின்ற இடத்தில் திரும்பும். பழையதை ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு என்று அவரே ஒத்துக்கொண்டார்.

பழைய படகின் ஓரத்தில் அண்ணாத்த கால் வைத்ததும் அது அவர் பக்கமாகச் சாய்ந்தது. பம்பாய்க்காரர் சிரித்தபடி, இது கொஞ்சம் டெண்டர் என்றார். என் அப்பா மதுராந்தகம் ஏரியில் கரை வேலை, மதகு வேலை என்று கான்ட்ராக்டரிடம் கூலிக்குப் போனவர். டெண்டர் என்ற சொல்லை நான் அ, ஆவுக்கு முன்பே கேட்டு வளர்ந்தவன். தயங்கவே இல்லை.

"அண்ணாத்த, இது டெண்டர்ல கீதாம்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "டெண்டர் வுட்ட பொருளுக்கு நம்மள இன்னாத்துக்கு வரவச்சான்? வேற எவன் போட்டுகினு கீறான், கேளு."

கேட்டேன். யார் யார் டெண்டர் போட்டிருக்கிறார்கள் என்ற என் கேள்வியில் பம்பாய்க்காரர் திகைத்துப்போனார். பிறகு புரிந்துகொண்டு, உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி மெல்லச் சாய்த்துக் காட்டினார். லேசாகத் தொட்டாலே சாயும் படகுக்குக் கப்பல்காரர்கள் பேச்சில் அந்தப் பெயராம். வெட்கத்தோடு சரியான அர்த்தத்தைச் சொன்னேன். காரியம் முன்னைவிடக் கெட்டது.

"சாயுமா? லாரி சாஞ்சா இன்னா ஆவும்? கிரேன்தான் வரணும். புதுசயே பேசி முடி."

அண்ணிதான் விடவில்லை. "ரெண்டுலயும் ஒரு சுத்து போய்ப் பாக்கலாம்யா. நின்னுகினு கீறத பாத்தா லாரி வாங்குன நீ?"

முதலில் புதியதில் போனோம். மதியக் கடல்காற்று எழும்பியிருந்தது. பாய் விரித்தும் மேசைமேல் இருந்த டீ தம்ளர் நகரவில்லை. அண்ணாத்த என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். திடீரென்று ஒரு பலத்த காற்று. படகு தாக்குப் பிடித்தது, பிடித்துக்கொண்டே இருந்தது, பிறகு ஒரே வீச்சில் சாய்ந்து சர்ரென்று காற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. சுக்கானைப் பிடித்திருந்த பம்பாய்க்காரர் எவ்வளவு திருப்பியும் படகு கேட்கவில்லை. நான் தெறித்துப் போய்க் கம்பியில் மோதினேன். அகலமான பின்பக்கம் தூக்கிக்கொண்டதில் சுக்கான் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டதாம். பாயை முன்பே சுருக்கியிருந்தால் இப்படி ஆகாது என்றார் அவர். அது பொய்யாகவும் தெரியவில்லை.

பிறகு பழையது. பாயை ஏற்றியவுடனே சாய்ந்தது. அண்ணாத்த கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அதே மாதிரி காற்று வந்தது. ஓரம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு இன்னும் சாய்ந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் யாரோ கீழே பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. சாயச் சாய அடியிலிருக்கும் ஈயம் இழுத்துப் பிடிப்பதை என் காலால் உணர்ந்தேன். சாய்ந்தபடியே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

கரையில் இறங்கியதும் அண்ணாத்த மனைவியைத்தான் பார்த்தார்.

"ஏறப் போறவங்கள்ல பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது," என்றார் அண்ணி. "அந்தப் புதுசு நல்லாத்தான் நிக்குது, எப்ப வுடும்னு தெரில. இது மொதல்லயே சாஞ்சி, இவ்ளோதான் நான்னு சொல்லிடுது. இத வாங்குய்யா."

"பயமா கீதுடி."

"எனுக்குந்தான். எவ்ளோ பயப்படணும்னு தெரிஞ்சுபோச்சில்ல."

பழையதைத்தான் வாங்கினார்கள். அது சில வருடங்கள் நன்றாகவே ஓடியது. நான் இப்போது கட்டட வேலை மேற்பார்வையில் இருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுப்பதும் என் பொறுப்பு. முதல் கேள்விக்கே தடுமாறுகிறவரை உடனே அனுப்பிவிடாமல், அவர் எங்கே போய் நிற்கிறார் என்று பார்க்கும் பொறுமையை அந்த மதியக் காற்றிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.