ஒரு விரல் தூறல்

என் தொண்டையைப் பற்றி எனக்கு அம்புட்டுப் பெருமை இருந்தது. வண்டியூர்ப் பக்கம் ஆரம்பப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஆசிரியை. மைக் இல்லாமலே காலைப் பிரார்த்தனையை நடத்திவிடுவேன். பிள்ளைகளும் அப்படித்தான், வாய்ப்பாடு சொன்னால் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும். சத்தமாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்று முழுசாக நம்பியவள் நான்.

அந்த ஜூனில் இரண்டாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்தாள். வாயே திறக்க மாட்டாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவாள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். தமிழ் புரியவில்லை போல என்று நானாக முடிவு கட்டினேன். அவளுக்கென்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, இன்னும் உரக்கச் சொன்னேன். அவள் இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். அழுத்தக்காரி என்று மனதுக்குள் வைதேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்த ஒரு வரியைத் தானாகவே படித்தாள். சின்னக் குரல், ஆனால் ஒரு தப்பில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் மழை தட்டுங்க" என்று கத்தினேன். மழைக் கைதட்டு எங்கள் வகுப்பின் பெரிய பரிசு. உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினால் தூறல், இரண்டு, மூன்று என்று ஏற்றி, ஐந்து விரலில் அடைமழை, கடைசியில் பெஞ்சில் இடி. இடி விழுந்தபோது அவள் வீறிட்டுக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். பாவாடை நனைந்திருந்தது. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

திங்கள், செவ்வாய், புதன் அவள் வரவில்லை. வியாழக்கிழமை அவள் அம்மா மட்டும் வந்தார்.

"டிசி குடுத்துருங்க டீச்சர். வேற ஸ்கூலும் வேணாம். வீட்லயே வச்சு நான் சொல்லிக் குடுத்துக்கிறேன்."

"தமிழ் பழகிட்டா சரியாயிரும்மா."

"தமிழா? வீட்ல நொய்நொய்னு தமிழ்லயும் பேசுவா. மிக்சி போட்டா மட்டும் மாடிக்கு ஓடிருவா. காது வலிக்குதும்பா. நீங்க பேசுனாலும் வலிக்குதாம் டீச்சர்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அந்த நனைந்த பாவாடை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். சத்தம் தாங்காத இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஒரு நாள் முழுக்கச் சொன்னார்கள். நான் டீயும் வடையும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள். வெட்கக்கேடு.

"ஒரு மாசம் மட்டும் அனுப்புங்க. அதுக்கப்புறமும் முடியலேன்னா நானே ஹெட்மாஸ்டர்கிட்ட டிசி கேட்டு வாங்கித் தாரேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

அவள் இடத்தை மணியிலிருந்து தள்ளி ஜன்னலோரம் மாற்றினேன். மணி அடிக்கப் போகிறதென்றால் முன்னாலேயே அவளைப் பார்த்துக் கையைத் தூக்குவேன். மெதுவாகப் பேசுவதுதான் பெரும்பாடாக இருந்தது. "டீச்சர், காச்சலா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். மழையை ஒரு விரலோடு நிறுத்தச் சொன்னபோது, "தூறலோட நின்னா அது என்னா மழை டீச்சர்?" என்று சண்டைக்கு வந்தார்கள். ஆனாலும் பழகிக்கொண்டார்கள். அவளும் ஒன்றிரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தாள். நான்தான் இரண்டு தடவை என்னை மறந்து கத்தித் தொலைத்தேன். இரண்டு தடவையும் அவள் அன்று முழுக்கப் பேசவில்லை.

நான் கேட்டிருந்த மாதத்தின் கடைசி நாள். கோயில் விசேஷத்துக்கு எங்கள் சுவரை ஒட்டிய கம்பத்தில் மைக்செட் கட்டியிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. மத்தியானம், நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது எடுத்த எடுப்பில் பாட்டு அலறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்து ஜன்னலோரம் பார்த்தேன். அவள் இடத்தில் இல்லை. பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கண்ணை இறுக்கி மூடி, காதைப் பொத்தியிருந்தாள். பிறகு தன் காதிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, என் காதைப் பொத்தினாள்.

"வலிக்குதா டீச்சர்?" என்றாள்.

உதட்டசைவில்தான் புரிந்தது. சட்டென்று என் இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்தினேன். பாட்டு நிற்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா டிசி பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வந்த நாளிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம், அந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.