தேங்காய் திறந்த பூட்டு

கம்ப்யூட்டர் மேல் தேங்காய் வைத்தால் பூட்டு திறக்குமா? திறந்தது... என் கண் முன்னால்!

போன ஆயுத பூசை அன்று, பிரஷர் மாத்திரை வாங்கப் பக்கத்து ஊர் புலாவ் செபாங் கிளினிக்குக்குப் போயிருந்தேன். கவுண்டரில் வேலை பார்க்கும் புவனா, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, கீபோர்டு மேலேயே தாம்பாளத்தை இறக்கினாள். தேங்காய், வாழைப்பழச் சீப்பு என்று நல்ல கனம். திரை பூட்டியிருந்தது, பாஸ்வர்ட் கேட்டுக்கொண்டு நின்றது. சூடம் காட்டி முடிப்பதற்குள் பூட்டுத் திரை சட்டென்று மறைந்து, நோயாளிகள் பட்டியல் பளிச்சென்று வந்துவிட்டது. பாஸ்வர்டை யாரும் தொடவில்லை!

மூன்று பெயரைப் படித்துவிட்டேன். மூன்று பேரும் தெரிந்தவர்கள். அதில் ஒருவர் சாப்பிடும் மருந்து அவர் வீட்டுக்கே தெரியாது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. புவனா பாய்ந்து திரையை அணைத்தாள்.

வேறு யாராவது என்றால் தாம்பாளத்தை நகர்த்திவிட்டு மறந்திருப்பார்கள். இவள் விடவில்லை. பட்டியலை மூடிவிட்டு, திரையைப் பூட்டி, தாம்பாளத்தை மறுபடி வைத்தாள். மறுபடி திறந்தது. பட்டன்கள் அழுந்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தால் போதும்... ஒவ்வொரு முறையும் பூட்டு திறந்துகொண்டது.

எனக்கோ வாயெல்லாம் பல். பத்திரிகையில் நான் எழுதும் வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டதே!

"அண்ணே, இத இப்ப எழுதிறாதீங்க லா" என்றாள். "இதே சிஸ்டம் எத்தனையோ கிளினிக்ல, ஸ்கூல்ல ஓடுது. நீங்க எழுதினா நாளைக்கே எவனாச்சும் அழுத்திப் பாப்பான். செஞ்சவங்க மொத சரி பண்ணி அப்டேட் விடட்டும்."

அங்கே ஓடுவது ஓப்பன் சோர்ஸ் — லினக்ஸ் குடும்பத்தில் ஒன்று. இலவசம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

"எல்லாத்தையும் தொறந்து வெச்சிருக்கிறவங்களுக்கு இதுல மட்டும் என்னம்மா ரகசியம்?"

"ஒரு வீட்டுப் பூட்டு ஒடஞ்சிருந்தா வீட்டுக்காரங்ககிட்டதானண்ணே சொல்வோம்? பசார்ல நின்னு கத்துவோமா?"

சரி, அப்டேட் வரும்வரை எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த மாதிரி ஓட்டைகளைச் சொல்வதற்கென்றே அந்த சிஸ்டத்தைச் செய்தவர்கள் ஒரு தனி மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறார்கள். புவனா அன்று மாலையே எழுதினாள். மறுநாள் பதில்! எங்கோ ஒரு குளிர் நாட்டில், சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்யும் ஒரு மனிதர். எந்தெந்தப் பட்டன் அழுந்தியது, எவ்வளவு நேரம், தேங்காய் எவ்வளவு கனம்... எல்லாம் கேட்டார். துளிகூடக் கேலி இல்லை.

பதினோரு நாள் காத்திருந்தோம். ரெம்பியாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் கிளினிக்குக்கு போன் அடிப்பேன். மெல்லிய குரலில், "வந்திருச்சா?" "இன்னும் இல்லண்ணே."

என் மனைவி காதில் இது விழாமலா இருக்கும்?

"கிளினிக்ல என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

மறுநாளிலிருந்து டீயில் சீனி குறைந்தது. என்னிடம் பேச்சில் கனிவு கூடியது. நானும் வயசானால் அன்பு வரும் போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அப்டேட் வந்தது. புவனா அதைப் போட்டு, தாம்பாளத்தை வைத்து, வாட்சப்பில் படம் அனுப்பினாள். பூட்டு அசையவில்லை! அதோடு, என்ன தவறு, அது எப்படி நுழைந்தது, யார் கண்டுபிடித்தது என்று எல்லாவற்றையும் அவர்களே உலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள். கீழே நன்றி: புவனேஸ்வரி, புலாவ் செபாங். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காசுக்கு மென்பொருள் விற்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் தப்பை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவார்கள்?

ஓட்டை எதில்தான் இல்லை? சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்க வேண்டும். இவர்களிடம் இருக்கிறார்கள். நீங்களும் அப்டேட் வந்தால் 'பிறகு' என்று தள்ளாமல் உடனே போட்டுவிடுங்கள்.

அன்றே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுதாகக் கேட்டாள்.

"உங்களுக்கு ஏதோ பெரிய வியாதின்னு நான் வேண்டாத சாமி இல்ல. எல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்கா?"

அதோடு பேச்சு நின்றது. டீயில் சீனியும் இன்னும் திரும்பவில்லை... இதைச் சொல்ல எந்த முகவரிக்கு எழுதுவது?