கறுப்புக் கரை போட்ட கடிதம்

யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் என் கைபேசி மூன்று தரம் அடித்தது. மூன்று தரமும் நான் எடுக்கவில்லை. இதை எழுதும்போதுகூட என்னையே பிடித்து நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது.

அப்போது நான் டென்மார்க்கில், ஸ்கீவ என்ற ஊரில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். என் தம்பி வன்னியில் அகப்பட்டிருந்தான். கூடப்பிறந்ததென்று எனக்கு மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான். மார்ச்சில் கடைசியாகக் கதைத்தபோது, "வழி கிடைச்சா போன் எடுப்பன் அக்கா, நீ யோசியாதை" என்றான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. தொலைக்காட்சியில் கடற்கரையையும் புகையையும் காட்டுவார்கள். நான் அதற்குள் அவனுடைய நடையைத் தேடிக்கொண்டிருப்பேன்.

என் காலைநேர வீடுகளில் ஒன்று தொண்ணூறு வயதுக் கிழவருடையது. சரியான பிடிவாதக்காரர். ஒரு காலுறை மாட்ட அரை மணித்தியாலம் சண்டை. "அவசரமென்றால் நீ போ" என்பார். டேனிஷில் சின்னவர் பெரியவர் எல்லாரும் 'நீ'தான். "நான் போனா உனக்கு ஆர் கோப்பி போடுறது?" என்று நானும் விடமாட்டேன். சண்டை முடிந்தால் கோப்பி. கோப்பியோடு அவருடைய கடிதப் பெட்டி.

அவருடைய ஆட்கள் தெற்கே எல்லையோரத்து ஜெர்மன்காரர். அந்தப் பக்கம் ஜெர்மனியின் கையில் இருந்த காலத்தில், பட்டாளத்துக்குப் பிடித்துவிடுவார்களென்று பயந்து அவருடைய பெரியப்பா இருபது வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருக்கிறார். பட்டாளத்துக்குப் பயந்து ஓடுவதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நெப்ராஸ்காவில் நிலம் எடுத்து, மரமே இல்லாத வெளியில், புல்லோடு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி வீடு கட்டினாராம். அவர் தன் தாய்க்கு எழுதிய கடிதங்களைக் கிழவர் வாசித்து டேனிஷில் சொல்வார். மழை பெய்தால் கூரைச் சேறு சூப்புக்குள் விழுகிறது. கோதுமையை வெட்டுக்கிளி தின்றுவிட்டது. அயலெல்லாம் நம் ஆட்கள், தேவாலயத்தில் நம் மொழி, கடையில் மட்டும் ஊமைபோல் நிற்கிறேன். "அட, இது இங்க டோஸ்ட்ருப்பில கூட்டமா இருக்கிற எங்கட சனத்தின்ர கதையெல்லோ!" என்று சிரித்தேன். அந்த மாதங்களில் நான் சிரித்ததென்றால் அந்த மேசையில்தான்.

பெட்டியின் அடியில் ஒரு உறை மட்டும் ஒட்டியபடியே கிடந்தது. சுற்றிவரக் கறுப்புக் கரை. சாவைச் சொல்லும் கடிதத்துக்கு அந்தக் காலத்தில் அப்படிக் கரை போடுவார்களாம். அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆனால் விலாசம் மகனுடைய கையெழுத்தில் இல்லை. தாய் அதைத் திறக்கவே இல்லை. திறக்காதவரை மகன் இருப்பான் என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அதோடு அங்கிருந்து கடிதங்களும் நின்றுபோயின. சாகும்போது, ஒருவரும் அதைத் திறக்கக்கூடாதென்று வீட்டார் எல்லாரிடமும், அப்போது சிறுவனாயிருந்த கிழவரிடமும், சத்தியம் வாங்கினாளாம். எங்கள் ஊரிலும் தந்திக்காரனின் சைக்கிளைக் கண்டாலே குழறி அழத் தொடங்குவார்கள். கலியாண வாழ்த்துத் தந்திக்கு ஒப்பாரி வைத்த வீடும் உண்டு. அதனால் அந்தத் தாயின் மனம் எனக்கு நன்றாக விளங்கியது.

யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்த பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. இலங்கை இலக்கம், தெரியாத இலக்கம். அந்த நாட்களில் அப்படி வந்ததெல்லாம் இழவுச் செய்திதான். மகள் டேனிஷில், "எடு அம்மா, எடு!" என்று கத்தினாள். "வாயை மூடடி" என்று சீறினேன். மறுநாள் அடித்தபோது கைபேசியைத் தலையணைக்குக் கீழே அமுக்கினேன். சாவு கேட்டால் துடக்கு, சாமி விளக்குக் கொளுத்தக்கூடாது. கேட்காவிட்டால் துடக்கு இல்லை. போய் விளக்கைக் கொளுத்தினேன். விளக்கு எரிகிறது, தம்பி இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் தரம் கிழவரின் மேசையில் வைத்து அடித்தது. "யார்?" என்றார். "ஒருத்தருமில்லை" என்றேன். மணி அடித்து ஓய்ந்தது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அவர் கடிதப் பெட்டியை இழுத்தார். பிறகு அந்தக் கறுப்புக் கரை உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். "நான் சத்தியம் செய்தவன். நீ செய்யவில்லை. திற."

வெண்ணெய்க் கத்தியால் திறந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

அம்மா, என் மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்துவிட்டாள். எனக்குக் கை முறிந்திருப்பதால் போதகர் எழுதித் தருகிறார். குழந்தை சுகம், உன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். இந்த இடத்தில் இனி என்னால் தனியே இருக்க முடியாது. நீ ஒரு வரி எழுதினால் இருப்பேன். எழுதாவிட்டால் இன்னும் மேற்கே போய்விடுவேன்.

"உயிரோடு இருந்திருக்கிறார்" என்றார் கிழவர். "பதிலுக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்." மேசையில் தலையை வைத்து அழுதார். பிறகு நிமிர்ந்து, "போனை எடு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

அங்கேயே நின்று அந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். யாரும் பதில் தரவில்லை. அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களும் வீட்டிலும் வேலையிலும் விடாமல் எடுத்தேன். ஐந்தாம் நாள் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமுக்குள் இருந்து, ரகசியமாகக் கதைத்தாள்.

"போனை மண்ணுக்குள்ள தாட்டு வைச்சிருந்தனான், ஆமி செக்கிங். ஆர் நீங்கள்?"

"டென்மார்க்கில இருந்து கதைக்கிறன். இந்த நம்பரில இருந்து எனக்கு ஆரோ எடுத்தவை."

"ஓ, நீங்களோ அந்த அக்கா? ஒரு தம்பிதான் என்ர போனை வாங்கி எடுத்தவர். மூண்டு தரம் எடுத்தவர்."

"ஐயோ, அவன் இருக்கிறானோ? குடுங்கோ, குடுங்கோ அவனிட்ட!"

"முந்தநாள் ஆமிக்காரர் கொஞ்சப் பெடியளைப் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை அக்கா, அவரும் அதுக்குள்ள. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை. இன்னும் விடேல்லை."

"எனக்கு ஏதும் சொன்னவனோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் எடுக்கேல்லை எண்டு எனக்குத்தான் கோவம், அக்கா. அவர் கோவிக்கேல்லை. 'அக்கா வேலையில நிப்பா, பாவம்' எண்டு சொன்னவர்."

தம்பியை இன்றுவரை விடவில்லை. எங்கே என்று சொல்லவும் ஆளில்லை. நான் துடக்குக் காக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் செய்யவில்லை. கைபேசி அடித்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். மின்சாரம் விற்பவன், காப்புறுதி விற்பவன், பிழையான இலக்கம், யாராக இருந்தாலும் சரி. எடுத்தவுடன் தமிழில், "அக்காதான் கதைக்கிறன்" என்கிறேன்.