கையால் சுற்றிய பாட்டு

நியூசிலாந்தில் மனுகாவ் நகருக்கு வேலைக்குப் போகையில் கார் ரேடியோவில் அந்தக் கரகரத்த குரல் கேட்டது. எண்பது வயது ஆங்கிலேய ராக் பாடகர் ஆக்லாந்துக்கு வருகிறாராம். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுப் பாடப் போனது அவருடைய துணிச்சல் என்று அறிவிப்பாளர் புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வன்னியில் மின்சாரம் இல்லாத நாள்களில் அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் அந்தப் பாடகருடைய கசெட்டைப் போடுவான். கை களைத்தால் பாட்டும் இழுபடும்.

“சுத்தடா, பாடுற மனுசன் சாகப்போறான்” என்று பெடலை என்னிடம் தருவான்.

அண்ணாவும் பதினைந்தில்தான் பள்ளியை விட்டான். நான் படிக்க வேண்டுமென்று கல் உடைக்கப் போனான்.

“கொண்ணனுக்கு மண்டையில ஒண்டுமில்லை” என்றார் என் வாத்தியார், அண்ணாவைப் பற்றி. வகுப்பே சிரித்தது. அவன் பள்ளியை விட்ட காரணம் தெரிந்த நானும் சிரித்தேன்.

ரேடியோவை நிறுத்தினேன். இன்றைக்கு அண்ணாவுக்குப் போன் எடுத்து, அன்று நானும் சிரித்ததைச் சொல்லப் போகிறேன். அவன் என்னைத் திட்டட்டும்.