சமக்குறிகளை நேராக்கியவர்

ஒரு பொத்தான் கண்ணில் பட்டால் அதை அழுத்திப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அழுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது சொன்னாலும் நம்ப மாட்டேன். என் வேலைக்கு அது நல்ல குணம் என்று பல வருடங்களாக என்னை நானே தட்டிக்கொடுத்து வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பத்து மணிக்கே தாளிக்கிற வாசனை வந்து வேலையைக் கெடுக்கும். விடுதிகளிலிருந்து கட்டுமானத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு நேரம் குறித்துத் தரும் மென்பொருள் எங்களுடையது. நிரல் எழுதுவது இரண்டே பேர். புக்கிட் பாத்தோக்கிலிருந்து வரும் நான். தினமும் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வரும் அவர். என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்பார்.

எங்களுக்குள் நடந்த சண்டையெல்லாம் வெற்றிடத்தைப் பற்றியதுதான். அவருக்குச் சமக்குறிகள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். நான் எழுதிய கோப்பைத் திறந்தால் முதல் வேலையாக இடைவெளி போட்டுப் போட்டு அவற்றை வரிசையில் நிறுத்துவார். எனக்கு எரிச்சல் வரும். அடுத்த முறை நான் திறக்கும்போது கலைத்துவிடுவேன். மூன்று வருடம் இப்படியே போனது.

கடைசியில் இருவருமாகப் பேசி ஒரு ஃபார்மேட்டரை வைத்துக்கொண்டோம். நிரலின் பொருளைத் தொடாமல் இடைவெளிகளை மட்டும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி அது. ஒவ்வொரு கோப்பாகச் செய்யலாம் என்றார் அவர். எனக்கா பொறுமை? அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மொத்தத் திட்டத்தின் மீதும் ஓட்டிவிட்டேன். கோப்புகளின் பெயர்கள் திரையில் கடகடவென்று ஓடின. ஓடி முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எனக்கும் பிடிக்காத, அவருக்கும் பிடிக்காத ஓர் ஒழுங்கு வந்திருந்தது. அது எனக்கு விசித்திரமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து முதலாளி என் பின்னால் வந்து நின்றார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். நிரல் தெரியாது, ஆனால் எங்கள் திரையை எட்டிப் பார்க்காமல் போக மாட்டார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"என்ன தம்பி, எல்லா லைன்லயும் உன் பேருதான் இருக்கு? அப்ப அவங்க த்ரீ இயர்ஸா என்ன செஞ்சாங்க?"

"இல்ல பாஸ், நான் ஃபார்மேட்டர் ஓட்டினதால அப்படிக் காட்டுது. பாதிக்கு மேல அவங்க எழுதினதுதான்."

"அடுத்த மாசம் அவங்க கான்ட்ராக்ட் முடியுது. அந்த உட்லண்ட்ஸ் மேட்டர் வேற இருக்குலா. ரென்யூ பண்ணலாமா வேணாமான்னு யோசிக்கிறேன். அவங்க எழுதினது எதுன்னு நாளைக்கு எனக்குக் காட்டு."

ஒப்பந்தம் போனால் அவருடைய வேலை அனுமதியும் போய்விடும்.

உட்லண்ட்ஸ் விவகாரம் முந்தைய வருடம் நடந்தது. பொது விடுமுறையன்று அந்த வட்டாரத்தில் ஒரு விடுதிக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வர வேண்டிய வண்டி, ஒரு மணி நேரம் பின்னதாக வந்தது. மழையில் ஆட்கள் இரண்டு மணி நேரம் நின்றார்கள். நிரலின் ஒரு வரியில் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி. யார் போட்டது என்று பார்த்தேன். ஓரத்தில் அவர் பெயர் இருந்தது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அதை அப்படியே போட்டேன். "நான் அத நேரா வச்சேன், அவ்ளோதான் அண்ணே" என்றார். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளிக்குக் காட்ட வழி தேடியபோது, இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல் பெயர்களைக் காட்டச் சொல்லும் ஒரு வசதி கிடைத்தது. இத்தனை வருடத்தில் நான் அழுத்திப் பார்க்காத பொத்தான். போட்டதும் அவர் பெயர் பக்கம் பக்கமாகத் திரும்பி வந்தது. மகிழ்ச்சியில் கீழே இறங்கிக்கொண்டே போனேன். சிக்கலான பகுதிகள் எல்லாம் அவருடையவை. இவ்வளவா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே, பிழையைத் திருத்துவதற்கு முந்தைய பதிப்பையும் திறந்து உட்லண்ட்ஸ் வரிக்கு வந்தேன்.

அங்கே என் பெயர் இருந்தது.

வசதியை எடுத்துவிட்டுப் பழைய பதிவுகளைத் திறந்தேன். மறுபடி வசதியைப் போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கூட்டல் குறியோடு அந்த வரியை எழுதியவன் நான். மறுவாரம் அதில் அவர் செய்தது, சமக்குறிக்கு முன்னால் நான்கு இடைவெளி போட்டது மட்டும். என் ஃபார்மேட்டர் அவர் உழைப்பின் மேல் என் பெயரை ஒட்டியது போலவே, அவருடைய நான்கு இடைவெளிகள் என் தவற்றின் மேல் அவர் பெயரை ஒட்டியிருந்தன. வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் காலை முதலாளியிடம் அவர் உழைப்பு, என் தவறு இரண்டையும் காட்டினேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வருஷமா அவங்க மேல கோவமா இருந்தேன் தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "ரென்யூவல் ஃபார்ம் இன்னிக்கே அனுப்பச் சொல்றேன்" என்றார்.

கீழே கடையில் ஜோகூர்க்காரர் பால் இல்லாத தேநீர், தே ஓ, வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளியிடம் சொல்லியாயிற்று, ஒப்பந்தத்துக்கு ஆபத்தில்லை என்பதையும் சேர்த்து. மன்னிப்பும் கேட்டேன். அவர் கரண்டியால் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை. எனக்குச் செய்தியாக இருந்தது அவருக்கு ஒரு வருடமாகத் தெரிந்ததுதான்.

"பாஸ்கிட்ட சொன்னது சரிண்ணே" என்றார். "ஆனா அன்னிக்கு என் பேர குரூப்லதானே போட்டீங்க?"

கைப்பேசியை எடுத்தேன். அவர் தே ஓவைக் குடித்துக்கொண்டே காத்திருந்தார். உட்லண்ட்ஸ் தவறு என்னுடையது என்று குழுவில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவருடைய கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. எடுத்து, முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தார்.